எட்டு லட்சமும் இரண்டு வாரமும்: பல்கலைக்கழகக் கோடைப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

பாளையங்கோட்டைப் பள்ளிகளில் அரையாண்டு விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கியதும் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. ஹார்வர்டில் இரண்டு வாரம், யேலில் இரண்டு வாரம், ஆக்ஸ்போர்டில் மூன்று வாரம். பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகள் அங்கேயே விடுதியில் தங்கிப் படித்துச் சான்றிதழோடு திரும்பலாம். ஒரு காலத்தில் சென்னைப் பெற்றோர் மட்டும் பட்ட கவலை இது. இப்போது பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியும் படுகிறார். நான் கணக்கு வாத்தியார் என்பதால் என்னிடம் வந்து, "சார்வாள், பையனை ஒரு கோடைக்கு அனுப்பிவைத்தால் அந்தக் காலேஜிலேயே இடம் கொடுத்துவிடுவார்களா?" என்று கேட்கிறார்.

கொடுக்க மாட்டார்கள். அதற்குப் பதில் அவ்வளவுதான். அனுப்பலாமா, வேண்டாமா என்பதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஒரு கோடையைக் கழிக்க இன்னும் நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டுக்குப் பெரிய காசு தேவையே இல்லை.

முதலில் அந்த எட்டு லட்சம்

ஹார்வர்டின் இரண்டு வார நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். கட்டணம் ஆறாயிரம் டாலரை ஒட்டி வருகிறது. நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். திருவனந்தபுரத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பாஸ்டன் போய்வர விமான டிக்கெட் ஒரு லட்சத்துக்குக் குறையாது. விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. நேர்காணலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போக வேண்டும். மருத்துவக் காப்பீடு தனி. பிள்ளையைத் தனியே அனுப்ப மனம் வராமல் அம்மாவும் கூடப் போனால் இன்னொரு டிக்கெட், இரண்டு வார ஓட்டல் வாடகை. தனியே போனால் ஏழு முதல் எட்டு லட்சம், துணையோடு போனால் பத்தைத் தாண்டும் என்பது என் கணக்கு. பொறியியல் கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டு இடம் பெறும் பிள்ளைக்கு நான்காண்டுக் கல்விக் கட்டணம் முழுவதும் சேர்த்தாலும் இதில் பாதி வராது.

இத்தனை கொடுத்துப் போகும் இரண்டு வாரத்தில் மதிப்பெண் கிடையாது. கல்லூரிப் படிப்பில் கழித்துக்கொள்ளும்படியான பாடப் புள்ளிகளும் கிடையாது. புள்ளி தரும் நான்கு வார, ஏழு வாரப் படிப்புகளும் ஹார்வர்டில் உண்டு. அவற்றுக்குச் செலவு இன்னும் கூடும். இவற்றை நடத்துவது அந்தப் பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பிரிவு. இளங்கலைக்கு யாரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் அலுவலகம் வேறு. கோடையில் வந்து படித்ததற்காக இடம் கிடைக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை; பல பல்கலைக்கழகங்கள் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. ஜூன் முதல் ஆகஸ்டு வரை அங்கே மாணவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். விடுதியும் வகுப்பறையும் சும்மா கிடக்கின்றன. அதை வருமானமாக்குவதில் தப்பொன்றும் இல்லை. நாம்தான் அதைச் சேர்க்கைக்கான வாசல் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் விஷயம் இன்னும் சிக்கல். அங்கே நடக்கும் கோடை முகாம்களில் பலவற்றைப் பல்கலைக்கழகம் நடத்துவதே இல்லை. தனியார் நிறுவனங்கள் விடுமுறையில் கல்லூரி அறைகளை வாடகைக்கு எடுத்து நடத்துகின்றன. பிள்ளை தூங்குவது ஆக்ஸ்போர்டுக் கல்லூரியின் கட்டிலில்தான். பாடம் எடுப்பவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பெயரைக் கேட்டால் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மயங்குகிறோமோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

ஒரு பெற்றோர் கொண்டுவந்து காட்டிய கடிதம் இன்னும் நினைவிருக்கிறது. தடித்த தாள், மேலே பொன்னிற முத்திரை. 'உங்கள் மகனின் தலைமைப் பண்பைக் கண்டு அவரைத் தெரிவுசெய்திருக்கிறோம்' என்று முதல் வரி. பையன் எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை. அவனைப் பரிந்துரைத்ததாகச் சொல்லப்பட்ட ஆசிரியர் யார் என்று பள்ளியில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், இந்த நிகழ்ச்சிக்கும் அது நடக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்று இன்னொரு வரி. பிள்ளை விண்ணப்பிக்காமலேயே வரும் தெரிவுக் கடிதத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம். எடைக்காவது காசு வரும்.

போய்வந்தவள் சொன்னது

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தென்காசியில் மரக்கடை வைத்திருக்கும் என் மைத்துனரின் மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இரண்டு வார நிகழ்ச்சிக்குப் போய்வந்தாள். பல்கலைக்கழகமே நடத்தியது, ஏமாற்று இல்லை. பதினைந்து பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நீதி, சட்டம் பற்றி வாதாடும் வகுப்பு. "மாமா, அங்கே டீச்சர் பதிலே சொல்ல மாட்டார்கள். நாங்கள் சொல்வதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள்" என்றாள்.

அவளுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் பக்கங்கள் நம் ஊர் நோட்டு. தலைப்புக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு, கீழே மணிமணியான கையெழுத்து. நான்காம் நாளிலிருந்து கையெழுத்து சிதறுகிறது. வரிக்கு வரி கேள்விக்குறி, அம்புக்குறி, எழுதி அடித்தது. ஓரிடத்தில் ஓரத்தில் வேறு யாரோ எழுதிய மறுப்பு. அதற்கடியில் இவள் எழுதிய பதில், அதையும் அடித்துவிட்டு இன்னொரு பதில். பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில் ஆசிரியரை மறுத்து ஒரு வார்த்தை பேசியிராத பிள்ளை அவள். அந்த நோட்டைப் பார்த்த பிறகு, இரண்டு வாரமும் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் இரண்டைச் சேர்த்துச் சொல்லவேண்டும். மைத்துனர் அந்தப் பணத்துக்கு நகையை அடகு வைக்கவில்லை, கடன் வாங்கவில்லை. இன்னொன்று, அவள் திரும்பி வந்தபோது பதினொன்றாம் வகுப்பு தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இயற்பியல் டியூஷனில் மூன்று பாடம் முடிந்துவிட்டது.

இந்தக் கடைசி விஷயத்தை விளம்பரத் தாள்கள் சொல்வதில்லை. அவர்களுடைய கோடை வேறு, நம்முடையது வேறு. தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் விடுமுறை; ஜூனில் பள்ளி திறந்துவிடுகிறது. அமெரிக்க, இங்கிலாந்து நிகழ்ச்சிகள் ஜூன் பின்பாதியில் தொடங்கி ஆகஸ்டு வரை ஓடுகின்றன. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் நம் பிள்ளைகள் வகுப்பில் இருக்கவேண்டும். ஒன்பதாவது முடித்த பிள்ளைக்கு இது பெரிய நஷ்டமில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நுழையும் பிள்ளை, அதுவும் நீட் அல்லது ஜேஇஇ எழுதப்போகிற பிள்ளை, ஜூலையில் மூன்று வாரம் ஊரில் இல்லாமல் போவது விளையாட்டுக் காரியமில்லை. அந்தப் பிள்ளைக்கு இந்தச் சான்றிதழால் ஒரு பயனும் இல்லை என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். நம் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் மதிப்பெண், பொறியியல் கலந்தாய்வுக்குப் பிளஸ் டூ கட்-ஆஃப். இவற்றில் ஹார்வர்டு என்று எழுதுவதற்குக் கட்டமே கிடையாது.

சரி, பிள்ளை அமெரிக்காவில்தான் இளங்கலை படிக்கப்போகிறது என்றால்? அப்போதும் கணக்கு மாறவில்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி ஆகியவை வெளிநாட்டு மாணவர்களின் பணவசதியைப் பார்க்காமலேயே சேர்க்கை முடிவை எடுக்கின்றன. சேர்த்த பிறகு குடும்பத்தால் கட்ட முடியாத தொகையை அவையே உதவித்தொகையாக ஈடுசெய்கின்றன. வசதியில்லாத பிள்ளையை நான்காண்டு தம் செலவில் படிக்கவைக்கிற இடம், இரண்டு வாரக் கட்டணம் கட்டி வரவில்லையே என்று அதே பிள்ளையைத் தாழ்வாகப் பார்க்குமா?

யேலின் இளையோர் நிகழ்ச்சியில் தேவை அறிந்து கட்டண உதவி தருகிறார்கள். முழுக் கட்டணமும் தள்ளுபடியானால் எட்டு லட்சம் இரண்டரை லட்சமாகிவிடும். அது வேறு பேச்சு. அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பித்திருக்கவேண்டும்.

பிள்ளையைச் சோதித்துச் சேர்க்கும் இடங்கள்

எனக்குப் பிடித்த வழி இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எந்த முகாமாக இருந்தாலும் முதலில் நான் பார்ப்பது, அவர்கள் எதைச் சோதிக்கிறார்கள் என்பதை. பெற்றோரின் பணத்தையா, பிள்ளையின் மூளையையா?

இஸ்ரோ 2019 முதல் நடத்தும் யுவிகா என்ற இளம் விஞ்ஞானி நிகழ்ச்சி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. ஏறத்தாழ இரண்டு வாரம், பெரும்பாலும் மே மாதத்தில். நம் விடுமுறைக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். ரயில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இஸ்ரோவின் செலவு. திருவனந்தபுரம், ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூரு போன்ற மையங்களில் விஞ்ஞானிகளோடு பேசலாம், ஆய்வுக்கூடங்களைப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பு மதிப்பெண், இணையவழி வினாடிவினா, அறிவியல் கண்காட்சிப் பரிசு, விளையாட்டு, என்சிசி, சாரணர் என்று பல தலைப்பில் புள்ளி கொடுத்துத் தேர்வுசெய்கிறார்கள். கிராமப் பஞ்சாயத்துப் பகுதியிலுள்ள பள்ளியில் படித்தால் அதற்கே தனிப் புள்ளி உண்டு. நாங்குநேரி, ராதாபுரம் வட்டாரத்துக் கிராமப் பள்ளிப் பிள்ளை பாளையங்கோட்டைப் பிள்ளையைவிடச் சற்று முன்னால் நின்று தொடங்கும் போட்டி ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான்.

நமக்கு இஸ்ரோ அன்னியமும் இல்லை. காவல்கிணறு, பணகுடி பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம் இருக்கிறது. அதன் மதிலை ஒட்டிய ஊர்களில் இருக்கும் பள்ளிகளிலேயே யுவிகா என்ற பெயரைக் கேள்விப்படாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பிக்க ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள்தான் அவகாசம். ஆசிரியர் கவனிக்கத் தவறினால் வாய்ப்பு போயிற்று; அடுத்த வருடம் பிள்ளை பத்தாவதுக்குப் போய்விடும். நாடு முழுவதிலிருந்தும் சில நூறு பேரைத்தான் எடுக்கிறார்கள் என்பதால் கிடைக்காமல் போவதே பலருக்கும் நடக்கும். அதனால் இழப்பொன்றும் இல்லை.

கணக்கு, இயற்பியல், வேதியியலில் நாட்டமுள்ள பிள்ளைக்கு ஒலிம்பியாட் போட்டித் தேர்வு இருக்கிறது. கணக்குக்குச் செப்டம்பரில் முதல் சுற்று, அங்கிருந்து மண்டலம், நாடு என்று ஏறவேண்டும்; இயற்பியல், வேதியியலுக்கு நவம்பரில் முதல் சுற்று, அடுத்தது நாடு. கடைசியில் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பொறுப்பில் நடக்கும் பயிற்சி முகாம். தேர்வுக் கட்டணம் சில நூறு ரூபாய். முகாம் வரை போகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் முதல் சுற்றுக்கு உட்கார்ந்து படித்த ஆறு மாதமே பிள்ளையை மாற்றிவிடும்.

அமெரிக்காவிலும் இந்த வகை உண்டு. இந்தியானாவின் நாட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் 1957-ல் ஆர்னால்டு ராஸ் தொடங்கி, பிறகு ஒஹாயோவுக்கு மாறிய கணித முகாம், பாஸ்டனில் 1989 முதல் நடக்கும் ப்ராமிஸ் கணித முகாம் ஆகிய இரண்டும் கட்டணம் கேட்டாலும் வசதியில்லாதவர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. 1984-ல் தொடங்கி, பின்னாளில் எம்ஐடிக்கு மாறிய ஆர்எஸ்ஐ ஆய்வு முகாமில் படிப்புக்கும் தங்குவதற்கும் கட்டணமே இல்லை. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. என் மாணவர்களுக்கு நான் இவற்றைக் காட்டுவதற்குக் காரணம் வேறு. ராஸ், ப்ராமிஸ் முகாம்களின் நுழைவுக் கணக்குகள் இணையத்தில் இருக்கின்றன. மூன்று மணி நேரத் தேர்வு இல்லை. வாரக்கணக்கில் வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்கவேண்டிய கணக்குகள்.

அந்த மாதிரியில் ஒரு கணக்கைப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்தேன். எந்தெந்தப் பகா எண்களை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும்? 5 என்பது 1-உம் 4-உம். 13 என்பது 4-உம் 9-உம். 17, 29, 37 வருகின்றன. 3, 7, 11, 19 வரவில்லை. முதல் நாள் அதை வெறும் அதிர்ஷ்டம் என்றான். இரண்டு நாள் கழித்து நூறு வரை அட்டவணை போட்டுக்கொண்டு வந்தான். அந்த வாரக் கடைசியில், "சார், நாலால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற எண்கள்தான் வருகின்றன, மூன்று மிஞ்சுவது வரவே வராது" என்றான். இரண்டைத் தவிர, என்று நான் சேர்த்தேன். மூன்று மிஞ்சுவது ஏன் வராது என்பதை அவனே நிறுவிக் காட்டினான். ஒன்று மிஞ்சுவது ஏன் எப்போதும் வருகிறது என்பது கடினம்; ஃபெர்மா சொல்லிவிட்டுப் போனதை நூறாண்டுக்குப் பிறகு ஆய்லர்தான் நிறுவினார். பையன் எந்த முகாமுக்கும் போகவில்லை. அந்த வாரத்தில் அவன் செய்தது கணிதம்.

உள்நாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள், இணையப் படிப்புகள்

சோனிபட்டின் அசோகா, மொகாலியின் பிளாக்ஷா போன்றவை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் கோடை நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. செலவு வெளிநாட்டு நிகழ்ச்சியில் சிறு பங்கு, விசா இல்லை, கட்டண உதவியும் கேட்கலாம். அசோகாவோடு சேர்ந்து லோதா அறக்கட்டளை நடத்தும் அறிவியல், கணித நிகழ்ச்சி தேர்வு வைத்துச் சேர்ப்பது. இந்த வரிசையில் அதையே முதலில் பார்க்கச் சொல்வேன். மற்றவை நல்ல அனுபவம், அதோடு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விளம்பரம். பிளஸ் டூவுக்குப் பிறகு அங்கேயே சேரும் எண்ணமிருந்தால், நான்காண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன் இடத்தைப் பார்த்துவர இது மலிவான வழி. எண்ணமில்லை என்றால், வடநாட்டுக் கோடை வெயிலைக் காசு கொடுத்து வாங்கவேண்டாம். நம் ஊரில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

இணையவழியில் சென்னை ஐஐடியின் பள்ளி மாணவர் படிப்புகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஐஐடி ஆசிரியர்கள் எடுக்கும் என்பிடெல் பாடங்களைப் பார்ப்பதற்குக் காசே இல்லை, தேர்வு எழுதினால்தான் கட்டணம். தன்னால் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்குப் பொக்கிஷம். மற்றப் பிள்ளைகள் மூன்றாம் வாரத்தில் கைவிட்டுவிடும். பெரிய பணம் கட்டுவதற்கு முன் பிள்ளைக்கு உண்மையிலேயே அந்தப் பாடத்தில் ஆசை இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது.

தாமிரபரணிக் கரையில்

வெளிநாட்டுக் கல்லூரிகள் விண்ணப்பத்தில் தேடுவது, பிள்ளை தானாக ஒன்றை எடுத்து நெடுநாள் விடாமல் செய்ததா என்பதைத்தான். அதற்கு இந்த மாவட்டம் வறண்ட இடமில்லை.

பறவைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு மணிமுத்தாறில் வைத்திருக்கும் அகத்தியமலை மையமும் உள்ளூர் இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்து 2011 முதல் பொங்கலை ஒட்டித் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். மாணவர்களும் தன்னார்வலர்களாகப் போகலாம். கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு குளத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு முறை போய், எந்தப் பறவை எத்தனை, தண்ணீர் எவ்வளவு, அன்று குளத்தில் மீன் குத்தகைக்காரர் வலை போட்டாரா என்று மூன்று வருடம் எழுதிவைக்கும் பிள்ளையின் கையில் பன்னிரண்டாவதில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு நோட்டு இருக்கும். செலவு ஒரு தொலைநோக்கி, பஸ் டிக்கெட்.

கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்று துறையே இருக்கிறது. வில்லுப்பாட்டுக் கலைஞர்களிடம் கதை கேட்டுப் பதிவுசெய்ய விரும்பும் பிள்ளைக்கு வழிகாட்ட ஆள் கிடைக்கலாம். ஆதிச்சநல்லூர் பஸ் தூரம். இதில் குறை என்னவென்றால், யாரும் அழைப்புக் கடிதம் அனுப்ப மாட்டார்கள். பெற்றோரோ ஆசிரியரோ போய்க் கதவைத் தட்டவேண்டும். சான்றிதழும் வராது. சில பெற்றோருக்கு அது பெரிய தடையாக இருக்கிறது.

அப்படியானால் யார் போகலாம்?

எட்டு லட்சம் போனாலும் வீட்டில் எதுவும் அசையாத குடும்பம், ஒன்பதாவதோ பத்தாவதோ முடித்த பிள்ளை, பல்கலைக்கழகமே நடத்தும் நிகழ்ச்சி, போகவேண்டும் என்று பிள்ளையே கேட்பது: இந்த நான்கும் சேர்ந்தால் போகட்டும். நல்ல பயணமாக இருக்கும். நான்கில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். நகையை அடகு வைத்து அனுப்ப நினைக்கும் பெற்றோரிடம் இன்னும் அழுத்திச் சொல்வேன். அந்த நகை பிள்ளை கல்லூரி சேரும் வருடம் கட்டாயம் தேவைப்படும். பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் ஆசை என்றால் யுவிகா, ஒலிம்பியாட். என்ன ஆசை என்றே இன்னும் தெரியாத பிள்ளைக்கு இணையப் படிப்பும் பக்கத்துக் குளமும்.

ஏற்கெனவே இடம் கிடைத்து, முன்பணம் கட்டும் நாள் நெருங்கியிருப்பவர்கள் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பி வரும், எத்தனை நாளில்? எந்த வகை விசாவுக்கு விண்ணப்பிக்கவேண்டும், அதற்கான கடிதத்தை எப்போது அனுப்புவார்கள்? தொலைபேசியில் சொல்வதை ஏற்கவேண்டாம். பதில் வந்த பிறகு, சென்னையில் நேர்காணலுக்கு எந்தத் தேதி கிடைக்கிறது என்று பாருங்கள். அந்தத் தேதி நிகழ்ச்சி தொடங்கும் நாளுக்குப் பின்னால் விழுந்தால் முன்பணம் கட்டாதீர்கள்.